க்ளைமாக்ஸில் மட்டும் திருந்தும் அப்பாக்கள்!

இரண்டரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்த அப்பா, கடைசிப் பத்து நிமிடத்தில் மனம் மாறிக் கட்டிப்பிடிக்கிறார். தியேட்டரில் கைத்தட்டல். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஏதோ ஒன்று உறுத்துகிறதே, அது என்ன?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து ஹாலில் டி.வி ஓடிக்கொண்டிருக்கிறது. 'சந்தோஷ் சுப்ரமணியம்' படத்தின் க்ளைமாக்ஸ். சட்டையில் ஆரம்பித்து சம்பந்தம் வரை எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்த அப்பாவிடம், மகன் முதல்முறையாக மனம் விட்டுப் பேசுகிறான். சோபாவில் இருக்கும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அம்மா சத்தமில்லாமல் கண்ணை ஒற்றிக்கொள்கிறார். தரையில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ப்ளஸ் டூ பையன் மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் படத்துலதான் நடக்கும்" என்று முணுமுணுக்கிறான். மறுபடியும் போனுக்குள் போய்விடுகிறான்.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான். ஆனால், அந்தப் பையன் சொன்ன ஒரு வரியில் ஒரு நியாயமான விமர்சனம் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் கதைகளை நம் சினிமா அழகாக ஆரம்பிக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் சண்டையை அப்படியே கண்முன் கொண்டுவருகிறது. முடிக்கும்போதுதான் பல சமயம் தடுமாறுகிறது.

(முன்குறிப்பு: இங்கே பேசப்படும் படங்களின் முடிவுகள் வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்!)

2008 - அப்பாக்களின் ஆண்டு

தமிழ் சினிமாவில் 2008-ஐ 'அப்பாக்களின் ஆண்டு' என்றே சொல்லலாம். ஏப்ரலில் 'சந்தோஷ் சுப்ரமணியம்', நவம்பரில் 'வாரணம் ஆயிரம்', டிசம்பரில் 'அபியும் நானும்'. இதில் முதல் படத்திலும் மூன்றாவது படத்திலும் அப்பா பிரகாஷ்ராஜ்தான். ஒன்றில் மகனின் கையை விட மறுக்கும் அப்பா, இன்னொன்றில் மகளின் கையை விட முடியாமல் தவிக்கும் அப்பா.

ராஜா இயக்கத்தில் ஜெயம் ரவி, ஜெனிலியா நடித்த 'சந்தோஷ் சுப்ரமணியம்', 2006-ல் வந்த தெலுங்குப் படமான 'பொம்மரில்லு'வின் ரீமேக். அந்தப் படத்தை இயக்கிய பாஸ்கரின் பெயரோடு 'பொம்மரில்லு' என்ற அடைமொழியே ஒட்டிக்கொண்டது. பெங்காலி, ஒடியா, இந்தி வரை அந்தக் கதை போனது. காரணம் எளிமையானது. அந்த அப்பா எல்லா மொழியிலும் இருக்கிறார். அவர் குடிகாரர் இல்லை, கொடுமைக்காரர் இல்லை. பாசம் நிறைய இருக்கிறது, ஆனால் பிள்ளைக்குப் பிடித்தது என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தெலுங்குப் படம், கடற்கரையில் நடை பழகும் குழந்தையின் கையை அப்பா பிடித்துக்கொண்டிருக்கும் காட்சியோடுதான் ஆரம்பிக்கும். 24 வயதிலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கலாமா என்பதுதான் படம் கேட்கும் கேள்வி.

அருமையான கேள்வி. ஆனால் பதில்? மகன் ஒரு தடவை கொட்டித் தீர்க்கிறான். அப்பா உணர்ந்துவிடுகிறார். அதன் பிறகு மகனின் காதல் கைகூடுவதற்கும் அந்த அப்பாவின் சம்மதமே வழிவிடுகிறது. அதாவது, கையை விட்டதும் அப்பாவின் முடிவு. எப்போது விடுவது என்பதும் அப்பாவின் முடிவு!

நான்கு குறுக்குவழிகள்

குடும்பச் சண்டையைச் சொல்லும் படங்கள் முடிவுக்கு வரும்போது பெரும்பாலும் நான்கு குறுக்குவழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன.

முதலாவது, 'ஒரே பேச்சு'. இருபது வருஷப் பழக்கம் மூன்று நிமிட வசனத்தில் மாறிவிடும். 'சந்தோஷ் சுப்ரமணியம்' இந்த வகை.

இரண்டாவது, 'சாவு'. வசந்தபாலன் இயக்கிய 'வெயில்' (2006) படத்தை மறக்க முடியாது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமா பார்த்த முருகேசனை, அப்பா நிர்வாணமாக வெயிலில் நிற்க வைக்கிறார். அவமானம் தாங்காமல் வீட்டுப் பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு ஓடும் சிறுவன், ஒரு தியேட்டரில் அடைக்கலமாகி அங்கேயே வளர்கிறான். எல்லாவற்றையும் இழந்து பல வருஷம் கழித்து வீடு திரும்புகிறான். தம்பி அணைத்துக்கொள்கிறான், அப்பா மன்னிக்கவே இல்லை. கடைசியில் தம்பியைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கிறான் முருகேசன். பசுபதியின் நடிப்பில் நெஞ்சை அறுக்கும் முடிவு அது. ஆனாலும், 'செத்தால்தான் ஒரு பிள்ளை நல்ல பிள்ளையா?' என்று கேட்கத் தோன்றுகிறது. செத்தவனிடம் யாரும் மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை. உயிரோடு அதே கூரையின் கீழ் அப்பாவும் மகனும் அடுத்த நாள் காலையில் எப்படி முகம் பார்ப்பார்கள் என்பதுதான் கஷ்டமான கேள்வி.

மூன்றாவது, 'வில்லன் மாற்றம்'. 'வேலையில்லா பட்டதாரி' (2014) படத்தின் முதல் பாதியில் நடப்பது பல வீடுகளின் கதை. இன்ஜினீயரிங் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் அண்ணன், ஐ.டி-யில் சம்பாதிக்கும் தம்பி, எதற்கெடுத்தாலும் ஒப்பிடும் அப்பா, நடுவில் மாட்டிக்கொள்ளும் அம்மா. அந்த மொபெட்டும் தம்பியின் காரும் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதே ஆயிரம் கதை சொல்லும். அம்மா இறந்ததும் அப்பா - மகன் இறுக்கம் தளர்கிறது. இரண்டாம் பாதியில் பணக்கார கட்டுமான நிறுவன வாரிசு வில்லனாக வந்துவிடுகிறார். சண்டை வீட்டைவிட்டு வெளியே போய்விட்டது. படம் பார்க்க ஜாலிதான். ஆனால், 'ஏம்ப்பா எங்க ரெண்டு பேரையும் வேற வேற மாதிரி பார்த்தீங்க?' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலே 'சுபம்' போட்டுவிடுகிறார்கள்.

நான்காவது, 'ஜெயிச்சுக் காட்டு'. அமீர் கான் இயக்கிய 'தாரே ஜமீன் பர்' (2007) பார்த்து அழாதவர்கள் குறைவு. டிஸ்லெக்ஸியாவால் எழுத்துகளோடு போராடும் இஷான், ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்குகிறான். பள்ளியின் ஆண்டு மலர் அட்டையில் அவன் வரைந்த படம். அப்பாவின் கண் கலங்குகிறது. சரி, பரிசு வாங்காமல் போயிருந்தால்? சுமாராக வரைகிற, சுமாராகப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அப்பாவின் கண்ணீர் கிடைக்காதா? ஆனால் அந்தப் படம் கடைசி நொடியில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. பெற்றோரோடு கிளம்பும் இஷான், திரும்பி ஓடி வருவது ஆசிரியரிடம்! வீட்டில் விழுந்த விரிசல் ஒரே நாளில் ஒட்டிவிடாது என்று அந்த ஓட்டம் சொல்லாமல் சொல்கிறது.

யார் வளர வேண்டும்?

பிள்ளை வளர்ந்து ஆளாகும் கதை என்றால், முடிவில் வளர்ந்திருக்க வேண்டியது பிள்ளைதானே? நம் படங்கள் பலவற்றில் நடப்பது தலைகீழ். கடைசிப் பத்து நிமிடத்தில் அப்பா வளர்ந்துவிடுகிறார். பிள்ளை அப்பாவின் சம்மதத்துக்குக் காத்திருந்த பிள்ளையாகவே இருக்கிறான். அந்த ப்ளஸ் டூ பையனை உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும். படம் அவனிடம், 'உன் அப்பா மாறுவார், காத்திரு' என்கிறது. அவனுக்கோ தன் அப்பாவைத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான முடிவைக் கொடுத்த படம், விக்ரமாதித்ய மோட்வானே இயக்கிய இந்திப் படமான 'உடான்' (2010). சிம்லா ஹாஸ்டலில் இருந்து வெளியேற்றப்பட்டு ஜாம்ஷெட்பூருக்குத் திரும்பும் ரோஹனுக்குக் கவிதை எழுத ஆசை. தொழிற்சாலை நடத்தும் அப்பாவுக்கு அவன் இன்ஜினீயர் ஆக வேண்டும். வீட்டில் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். தினமும் காலையில் ஓட்டப்பயிற்சி, கடைசியில் அப்பாவோடு பந்தயம். ஒவ்வொரு நாளும் அப்பாதான் ஜெயிப்பார்.

கடைசி வரை அந்த அப்பா திருந்துவதில்லை. ஒரு நாள் மகன் ஓடுகிறான், அப்பா துரத்துகிறார், பிடிக்க முடியவில்லை. அதோடு படம் முடிந்திருந்தால் அது வெறும் தப்பித்தல். ரோஹன் திரும்பி வருகிறான், தன் குட்டித் தம்பி அர்ஜுனை அழைத்துப் போக! தான் பட்டது தம்பிக்கு வேண்டாம் என்று முடிவெடுக்கிறான் பாருங்கள், அங்கேதான் அந்தப் பையன் பெரிய மனுஷன் ஆகிறான். அண்ணனும் தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நடை பழக்கும் கை இப்போது அவனுடையது.

கதவுக்குப் பின்னால் கேட்ட பாராட்டு

அப்பா திருந்தவும் வேண்டாம், பிள்ளை ஓடவும் வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறதா? செல்வராகவனின் '7ஜி ரெயின்போ காலனி' (2004) படத்தில் இருக்கிறது. ஆனால், அது க்ளைமாக்ஸில் இல்லை!

உருப்படாதவன் என்று திட்டு வாங்கியே வளர்ந்த கதிருக்கு ஹீரோ ஹோண்டாவில் வேலை கிடைக்கிறது. வீட்டில் சொன்னால் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. ராத்திரி, மகன் தூங்கிவிட்டான் என்று நினைத்து மனைவியிடம் தன் பெருமையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். கதிர் அதைக் கேட்டுவிடுகிறான். குலுங்கிக் குலுங்கி அழுகிறான். அவ்வளவுதான் காட்சி. படத்தின் காதலும் அந்தத் துயரமான முடிவும் ஒரு பக்கம் இருக்க, இத்தனை வருஷம் கழித்தும் பலர் போனில் தேடிப் பார்ப்பது இந்தக் காட்சியைத்தான்.

அந்த அப்பாவாக நடித்தவர் விஜயன். 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தில், பிள்ளைகளை ஆற்றங்கரையில் தவிக்க விட்டுவிட்டு ஊராரால் ஆற்றுக்குள் இறங்க வைக்கப்பட்டாரே... அதே விஜயன்தான்!

கதிரின் அப்பா மாறவில்லை. மறுநாள் காலையிலும் முறைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். ஆனால், மகனுக்கு அவரைப் படிக்கத் தெரிந்துவிட்டது. இதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. அன்று கதிர் உண்மையிலேயே தூங்கிப்போயிருந்தால், அந்தப் பாராட்டு அவனுக்குக் கடைசி வரை போய்ச் சேர்ந்திருக்காது. நம் வீடுகளில் எத்தனை பாராட்டுகள் இப்படிக் கதவுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டன!

"எல்லாம் சரியாகிடுச்சு... வாங்க!"

சமாதானம் என்பதே பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்றும் சில படங்கள் காட்டியிருக்கின்றன. பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) படத்தில், மதுரையில் இருந்து சென்னைக்கு ஓடிவந்து கல்யாணம் செய்துகொள்ளும் பள்ளி மாணவியையும் மெக்கானிக் முருகனையும் பெண் வீட்டார் நைசாகப் பேசி ஊருக்கு அழைத்துப் போகிறார்கள். அதன் பிறகு நடப்பது, பார்த்தவர்கள் யாருக்கும் மறக்காது.

நாகராஜ் மஞ்சுளே இயக்கிய மராத்திப் படமான 'சைராட்' (2016) இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓடிப்போய், கஷ்டப்பட்டு, குழந்தை பெற்று, சொந்தக் காலில் நிற்கிறாள் ஆர்ச்சி. ஒருநாள் அம்மா கொடுத்தனுப்பிய பரிசுப் பொருள்களோடு அண்ணன் வருகிறான். டீ கொடுக்கிறாள். 'அப்பாடா, குடும்பம் சேர்ந்துடுச்சு' என்று நாம் பெருமூச்சு விடும் நேரத்தில்... அடுத்த காட்சியில் அந்தக் குழந்தையின் பாதச் சுவடுகள் ரத்தத்தில்!

நூறு படங்களில் பார்த்துப் பழகிய சமாதானக் காட்சியை மஞ்சுளே நமக்கு எதிராகவே பயன்படுத்தினார். சாதி மறுத்துக் கல்யாணம் செய்தவர்களை 'எல்லாம் சரியாகிடுச்சு' என்று நம்ப வைத்து அழைத்துக் கொன்ற செய்திகள் நிஜமாகவே வரும் நாட்டில், எல்லாப் படமும் 'குடும்பம் எப்படியும் ஏத்துக்கும்' என்றே முடிந்தால் அது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்காது. அதை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

மகள்களுக்கு என்ன முடிவு?

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை மகன்களின் கதை. மகள் வளர்வதைச் சொன்ன 'அபியும் நானும்' படமே அப்பாவின் பார்வையில்தான் நகர்கிறது. அம்மா - மகள் மோதலை மையமாக வைக்கும் படங்கள் தமிழில் குறைவு. வர்ஷா பரத் இயக்கிய 'பேட் கேர்ள்' (2025), மகள் படிக்கும் பள்ளியிலேயே அம்மாவும் டீச்சர் என்று ஆரம்பித்து அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது.

இந்த வகையில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட படம், கிரெட்டா கெர்விக் இயக்கிய 'லேடி பேர்ட்' (2017). அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரம். நடுத்தரக் குடும்பம். வாயைத் திறந்தாலே அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை. தன்னிடம் சொல்லாமல் நியூயார்க் கல்லூரிக்கு விண்ணப்பித்த மகளிடம் அம்மா பேச்சையே நிறுத்திவிடுகிறாள். மகளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் காரை ஓட்டிக்கொண்டு போகிறாள். பாதி வழியில் மனசு கேட்காமல் திரும்பி ஓடி வருகிறாள். அதற்குள் மகள் போய்விட்டாள். நியூயார்க்கில் பெட்டியைத் திறந்தால், அம்மா எழுதி எழுதிக் கசக்கிப் போட்ட கடிதங்கள்! அப்பா எடுத்து வைத்தது. கடைசிக் காட்சியில் மகள் வீட்டுக்கு போன் செய்கிறாள். யாரும் எடுக்கவில்லை. குரல் பதிவில் பேசிவிட்டு வைக்கிறாள்.

'அவ்வளவுதானா? அம்மா திரும்பக் கூப்பிட்டாளா, இல்லையா?' என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் போனில் முதலில் பேசியது மகள். நன்றி சொன்னதும் மகள். வளர்ந்தது யார் என்று படம் காட்டிவிட்டது. மிச்சத்தை அந்த இருவரிடம் விட்டுவிட்டது.

கடல் வரை ஓடியவன்

இந்த மாதிரி முடிவுகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் ஒரு பிரெஞ்சுப் படம். 1959-ல் வந்த 'தி 400 ப்ளோஸ்'. வீட்டிலும் பள்ளியிலும் யாருக்கும் வேண்டாத சிறுவன் ஆன்ட்வான், சீர்திருத்த முகாமில் கால்பந்து ஆட்டத்தின் நடுவே தப்பி ஓடுகிறான். ஓடி ஓடி முதல்முறையாகக் கடலைப் பார்க்கிறான். தண்ணீரில் கால் வைக்கிறான். திரும்பி நம்மைப் பார்க்கிறான். அந்த முகம் அப்படியே உறைய, படம் முடிந்துவிடுகிறது.

அடுத்து அவன் எங்கே போவான்? முன்னால் கடல், பின்னால் முகாம். பதில் இல்லை. இயக்குநர் பிரான்சுவா ட்ருஃபோவின் சொந்தச் சிறுவயது அனுபவங்கள் கலந்த கதை அது. அப்போது அவருக்கு வயது 27. பதில் தெரியாததால் விட்டுவிட்டாரோ என்றால், இல்லை. அதே நடிகரை வைத்து 1979 வரை ஆன்ட்வானின் கதையைத் தொடர்ந்து எடுத்தார். ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாவதைச் சொல்லி முடிக்க அவருக்கு இருபது வருஷம் தேவைப்பட்டது!

ஏன் இப்படி முடிக்கிறார்கள்?

இயக்குநர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் படம் என்பது குடும்பத்தோடு பார்க்கும் விஷயம். டிக்கெட் எடுப்பது அப்பா, படத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளை. இரண்டு பேரும் சந்தோஷமாக வெளியே வர வேண்டும் என்றால், 'அப்பா செய்தது தப்பு. ஆனால் அவர் நல்லவர்' என்று முடித்தால்தான் பாதுகாப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டைவிட்டு வெளியேறுவதை நம்மால் எளிதாகக் கொண்டாட முடியாது. படிப்புச் செலவு, கல்யாணம், பேறுகாலம், பேரப்பிள்ளை, வயதான காலம் என எல்லாம் குடும்பத்தோடு பின்னிக் கிடக்கிறது. ரோஹன் மாதிரி நடந்து போக எல்லோராலும் முடியாது. அதனால்தான் 'அப்பா மாறிடணும்' என்று ஆசைப்படுகிறோம். அந்த ஆசையில் தப்பே இல்லை. அது பத்து நிமிடத்தில் நடந்துவிடும் என்று நம்புவதில்தான் சிக்கல்.

நிஜத்தில் நம் வீட்டு அப்பாக்கள் 'மன்னிச்சுடு' என்று சொல்வது அபூர்வம். காலையில் கத்திவிட்டுப் போனவர், ராத்திரி பரோட்டா பார்சலோடு வருவார். "அவனுக்குப் பிடிக்கும்ல" என்று அம்மாவிடம்தான் கொடுப்பார். "சாப்டியா?" என்ற கேள்விக்குள் ஒரு வருஷ வருத்தம் ஒளிந்திருக்கும். சிறியவர்கள் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்களும் ஒன்றை யோசிக்கலாம். பார்சலோடு ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? கதவுக்குப் பின்னால் சொல்வதை முகத்துக்கு நேராகச் சொன்னால் என்ன?

படம் முடிந்ததும் பேச நான்கு கேள்விகள்

அடுத்த தடவை வீட்டில் இப்படி ஒரு படம் பார்த்தால், டி.வி-யை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள்.

1. இந்த அப்பாவோ அம்மாவோ மறுநாள் காலையில் எப்படி நடந்துகொள்வார்கள்?

2. இந்தப் பிள்ளை ஜெயிக்காமல் போயிருந்தால் முடிவு என்னவாக இருந்திருக்கும்?

3. யார் யாரிடம் மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும்? கேட்டார்களா?

4. நம் வீட்டில் இந்தக் காட்சி எப்படி நடந்திருக்கும்?

நான்காவது கேள்வியைப் பெரியவர்கள் கேட்பது நல்லது. பதில் சொல்லும்போது குறுக்கே பேசாமல் இருப்பது அதைவிட நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணாடியைத் துடைத்த அந்த அப்பாவும், போனுக்குள் போய்விட்ட அந்தப் பையனும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். "இதெல்லாம் படத்துலதான் நடக்கும்" என்று அவன் முணுமுணுத்தபோது, "ஏன்டா அப்படிச் சொல்ற?" என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால், படத்தில் வந்ததைவிட நல்ல க்ளைமாக்ஸ் அந்த ஹாலிலேயே ஆரம்பித்திருக்கும்.